நீர்மட்டம்

குவோப்பியோவில் நவம்பர் காலை எட்டேகால் என்பது
நள்ளிரவின் இன்னொரு பெயர்.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்
நனைந்த கோட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு
நான் பேசி முடிக்கக் காத்திருக்கிறார்கள்.
மரியாதையாகத்தான்.
இந்த ஊரில் யார் பேச்சிலும் யாரும் குறுக்கிடுவதில்லை.
தீப்பிடித்தால்கூட
என் வாக்கியம் முடியும்வரை பொறுப்பார்கள்.

பாய்மங்களின் இயற்பியல், முதலாண்டு.
"புரிகிறதா?" என்பேன்.
கிணற்றில் போட்ட கல்.
"கேள்விகள் உண்டா?"
இன்னொரு கல்.
ஒன்பது வருடமாகப் போடுகிறேன்,
அந்தக் கிணறு இந்நேரம் தூர்ந்திருக்க வேண்டும்.

பயிற்சி வகுப்புக்கும் போய்வந்தேன்.
கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்றார்கள்.
அறுநூற்று இருபத்துநான்கு கண்கள்.
நகைச்சுவை சேருங்கள் என்றார்கள்.
சேர்த்தேன்.
அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

கடைசி வரிசையில் ஒருத்தி காலுறை பின்னுவாள்.
அழுத்தம் நடத்தியபோது குதிகால்,
பாகுநிலை வந்தபோது விரல்நுனி.
என் வகுப்பில் கண்ணெதிரே வளர்ந்தது
அது ஒன்றுதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
"படகில் ஒருவன், அவன் மடியில் ஒரு கல்"
என்று ஆரம்பித்ததும்
மைக் செத்தது.
கத்திப் பார்த்தேன்.
என் தொண்டை ஆறாம் வரிசையோடு சரி.
படியேறினேன்.

இருபத்திரண்டாம் வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்தால்
என் கரும்பலகை ஒரு தபால்தலை.
மூன்று நிறச் சாக்கில் பார்த்துப் பார்த்துப் போட்ட அம்புகள்
எறும்பு ஊர்ந்த தடம்.
ஒன்பது வருடம்.
ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மூச்சு வாங்கியது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்,
காலுறைக்காரிக்குப் பக்கத்தில்.
அவளிடம் மட்டும் கேட்பதுபோல் கேட்டேன்:
குளத்தில் படகு.
படகில் இருக்கிற கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டால்
குளத்தின் மட்டம் ஏறுமா, இறங்குமா?

ஊசிகள் நின்றன.
"ஏறும்," என்றாள்.
இரண்டு தையல் தூரம் யோசித்து,
"இல்லை."
முன்னால் இருந்தவன் திரும்பினான்:
"என்ன கேட்டார், சைமி?"
அவள் பெயர் சைமி.

கேள்வி தானாகக் கீழே இறங்கத் தொடங்கியது,
வரிசைக்கு வரிசை, காதுக்குக் காது.
பதினைந்தாம் வரிசையில் கல் நங்கூரமாயிற்று.
ஒன்பதில் குளம் கடலாயிற்று.
முதல் வரிசையை எட்டியபோது கல்லே இல்லை,
படகிலிருந்தவனையே தூக்கிப் போட்டிருந்தார்கள்.

கீழே இருப்பவர்கள் மேலே இருப்பவர்களைத் திருத்த,
ஏறும் என்பவர்கள் இறங்கும் என்பவர்களை முறைக்க,
கோட்டுகள் தரையில் விழுந்தன, யாரும் எடுக்கவில்லை.
வைக்கா என்கிற நெட்டைப் பையன்
சாப்பாட்டு டப்பாவில் தண்ணீர் ஊற்றி
மூக்குக்கண்ணாடிக் கூட்டை மிதக்கவிட்டு
அதில் சாவிக்கொத்தை ஏற்றினான்.
பேனாவால் ஒரு கோடு.
சாவிக்கொத்தை எடுத்துத் தண்ணீரில் போட்டான்.
எட்டு தலைகள் டப்பாவுக்குள் குனிந்தன.

"இறங்குது!"

அந்த மண்டபத்தில் நான் கேட்ட முதல் கூச்சல்.
ஏன் இறங்குகிறது என்று நான் சொல்லவில்லை.
உண்மையில்
யாரும் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த வாரம்
மைக்கை வேண்டுமென்றே மேசையில் விட்டுவிட்டு ஏறினேன்.
படியில் உட்கார்ந்து கேட்ட கேள்வி
படியிலேயே கிடந்தது.
முன்னூற்றுப் பன்னிரண்டு பேர் பொறுமையாக
நான் இறங்கிப்போகக் காத்திருந்தார்கள்.
சைமி இன்னொரு காலுக்குப் பின்னத் தொடங்கியிருந்தாள்.
சரி.

வகுப்பு கலைந்தபின் வைக்கா வந்து
மேசைமேல் இரண்டு பேட்டரிகளை வைத்தான்.
"கடையில் தள்ளுபடி," என்றான்.
நன்றி சொன்னேன்.
போகாமல் நின்றான்.
அடுத்த வகுப்பின் கூட்டம் கதவைத் தள்ளி உள்ளே வர,
தன் காலணியின் உருகும் பனியைப் பார்த்தபடி
கேட்டான்:

"அந்த மனிதன் மிதந்தால்?"